பிளஸ் டூ மதிப்பெண் குறைவு, வீட்டில் நெருக்கடி: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சுமாராகப் படித்தவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகிறவர்கள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. கலந்தாய்வு விதிகளில் ஆண்டுதோறும் சில வரிகள் மாறும். அந்தந்த ஆண்டு வெளியாகும் விவரக் குறிப்பேட்டையும் (ப்ராஸ்பெக்டஸ்) பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிளஸ் டூவில் 600-க்கு 340தான் வாங்கினேன். எம்.பி.பி.எஸ். கனவை இத்துடன் விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். தமிழ்நாட்டின் மருத்துவ இடங்களுக்கு 2017 முதல் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும். மொத்தம் 340 என்பது யாருக்கும் தேவைப்படாத எண். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கூட்டினால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பொதுப் பிரிவினருக்கு 300-க்கு 150 வேண்டும். பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 120 போதும். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்று பாடத்திலும் தலா 35 எடுத்தால் 105 வரும். அது பாஸ், ஆனால் ஒதுக்கீட்டுப் பிரிவினரின் எம்.பி.பி.எஸ். தகுதிக்கே 15 மதிப்பெண் குறைவு. நீட்டில் எவ்வளவு எடுத்தாலும் இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. இப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவர்கள் "நீட் போதும், பொதுத்தேர்வில் பாஸ் ஆனால் சரி" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பள்ளி முடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. வயது தடையா?

இல்லை. உச்ச வயது வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை.

நீட்டில் எவ்வளவு எடுத்தால் சீட்?

இதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்பாதீர்கள். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர். 2025-இல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686தான். அதே ஆண்டு பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. 2024-இல் 500 எடுத்தவரும் 2025-இல் 500 எடுத்தவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசையைப் பாருங்கள்.

இன்னொன்று: தகுதி மதிப்பெண் வேறு, சீட் கிடைக்கும் மதிப்பெண் வேறு. 113 எடுத்தால் கலந்தாய்வில் நிற்கலாம், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி இடம் அதற்கு வெகு மேலே முடிந்துவிடும். மருத்துவத் தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. முந்தைய ஆண்டின் பட்டியலை எடுத்து, உங்கள் வகுப்பில் கடைசியாக அரசுக் கல்லூரி பெற்றவரின் தரவரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கு அந்த எண்ணுக்கு ஒரு படி மேலே. யூடியூபில் வரும் "எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்" காணொளிகளைவிட அந்தப் பழைய பட்டியல் நம்பகமானது.

7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் வருவார்கள். 2020-இல் சட்டமாகி, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பலர் சறுக்கும் இடம் அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் 'அரசு' இருந்தாலும் அது அரசுப் பள்ளிக் கணக்கில் வராது. ஏழாம் வகுப்பை மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் உரிமை போய்விடும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம், விவரக் குறிப்பேட்டில் உள்ள படிவத்திலேயே சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று சான்று. மே மாதத்தில் தலைமையாசிரியரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பள்ளி திறந்திருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் 69 சதவீத வகுப்புவாரிப் பிரிவு உண்டு. இதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரி கிடைத்தாலும் அப்படியே. குடும்பம் நொடித்துப்போன ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதவு இந்த நடைமுறையில் வேறு இல்லை. ஆனால் இது மாநில இடங்களுக்கு மட்டும்தான். அரசுக் கல்லூரிகளிலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் இது கிடையாது.

அடிப்படையே இல்லை. முதல் மாதிரித் தேர்வில் 90 மதிப்பெண். எங்கிருந்து தொடங்குவது?

உயிரியலில் இருந்து. 180 கேள்வியில் 90 உயிரியல், அதாவது 720-இல் 360. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஒரு கணக்குப் பாருங்கள். உயிரியலில் 75 சரி, 10 தவறு என்றால் 290. வேதியியலில் 30 சரி, 8 தவறு என்றால் 112. இயற்பியலில் 20 சரி, 8 தவறு, அதாவது 72. கூட்டினால் 474. இயற்பியலில் பாதிக்குக் கீழே இருந்தும் இந்த எண் வருகிறது. பலவீனமான மாணவர் முதல் மூன்று மாதத்தை இயற்பியலில் செலவழித்துச் சோர்ந்து விலகுவதுதான் வழக்கமாக நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள்.

உயிரியலுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தின் வரிகளும் படங்களும் அட்டவணைகளும் தான் கேள்வியாகின்றன. தமிழ் வழியில் படித்தவர்கள் மாநிலப் பாடநூலை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பாடத்திட்டப் பட்டியலை எடுத்து எது இருக்கிறது, எது இல்லை என்று தலைப்புத் தலைப்பாக டிக் செய்யுங்கள். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் சுருக்கப்பட்டிருக்கிறது. பழைய கைடுகளில் உள்ள நீக்கப்பட்ட பாடங்களை மாங்கு மாங்கென்று படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்தால்கூடப் பலன் தெரியும். ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். அதே பாடத்தை 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் இப்படியே எழுதிப் பாருங்கள். அடிக்கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். தேர்வு அறையில் நான்கு விடைகளும் ஒன்றுபோல் தெரியும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இயற்பியலுக்கு வரும்போது, கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்கள் நேராக இயக்கவியலுக்குப் போகாதீர்கள். பதினைந்து நாள் கணக்கு அடிப்படைக்கு ஒதுக்குங்கள்: பத்தின் அடுக்குகள், விகிதம், சைன்–காஸ், வரைபடத்தின் சாய்வு, எளிய வகைக்கெழு. கால்குலேட்டர் கிடையாது என்பதால் கைக்கணக்கு வேகம் வேண்டும். இயற்பியல் புரியவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குப் புரியாதது இந்தக் கணக்குதான்.

ஒரு தவறு நோட்டு போடுங்கள். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, கேள்வியைத் தப்பாகப் படித்தது. மூன்றாவது வகை நினைப்பதைவிட அதிகம் இருக்கும். "சரியல்லாத கூற்று எது?" என்ற கேள்விக்குச் சரியான கூற்றைக் குறித்துவிட்டு வருவது அன்றாடம் நடப்பது.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, குத்துமதிப்பாகப் போடுவதா?

கணக்கு இது. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். ஒரு விடை தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் முக்கால் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. ஆக, இரண்டை நீக்கிய கேள்வியை விடுவது நஷ்டம். எதுவுமே தெரியாததைக் குறிப்பதில் லாபம் மிகச் சொற்பம், அலைச்சல் அதிகம். அவற்றை விட்டுவிட்டு அந்த நேரத்தைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

180 நிமிடத்தில் உயிரியலுக்கு 50, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, மிச்சம் 20 நிமிடம் ஓ.எம்.ஆர். விடைத்தாளுக்கு என்று பிரிப்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். பேனாவால் நிரப்பும் தாள் என்பதால் அழிக்க முடியாது. பழைய வினாத்தாளை வீட்டில் எழுதும்போதும் ஓ.எம்.ஆர். நகலிலேயே, மதியம் 2 முதல் 5 மணி வரை எழுதிப் பழகுங்கள். உண்மைத் தேர்வும் அந்த நேரம்தான், உண்ட மயக்கம் வரும் நேரம். வாயில் கதவு 1.30-க்கு மூடிவிடும்.

தமிழ் வழியில் படித்தேன். தமிழிலேயே எழுதலாமா?

எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே படியுங்கள். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான், அப்போதும் இது கைகொடுக்கும்.

கோச்சிங் சேரப் பணம் இல்லை. சேராமல் முடியாதா?

அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையே இலவசப் பயிற்சி நடத்துகிறது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கோச்சிங்கில் உண்மையில் விலை பெறுவது இரண்டு: வாராந்திரத் தேர்வு, சந்தேகம் கேட்க ஒரு ஆள். பாடம் நடத்துவது இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது. வட்டிக்கு வாங்கி லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், தேர்வுத் தொகுப்பை மட்டும் தரும் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய பணத்தின் பாரமே படிக்கவிடாமல் செய்வதும் உண்டு.

பகலில் வேலைக்குப் போகிறேன். நாலு மணி நேரம்தான் கிடைக்கும்.

நாளுக்கு நாலு மணி, மாதம் 26 நாள், பத்து மாதம்: 1040 மணி நேரம். இது குறைவான எண் அல்ல, ஆனால் வீணாக்க இடமில்லாத எண். விடியற்காலை இரண்டு மணி நேரத்தைக் கணக்குப் போடும் பாடங்களுக்கு வையுங்கள். வேலை முடிந்து வந்து களைப்பில் இயற்பியல் ஓடாது. இரவில் உயிரியல் எழுதிப் பார்ப்பதும் தவறு நோட்டும். வார விடுமுறையில் ஒரு முழுத் தேர்வு. கடைசி ஆறு வாரமாவது வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடியுமா என்று இப்போதே முதலாளியிடம் பேசி, அதற்கான வீட்டுச் செலவை மாதாமாதம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

வீட்டில் நோயாளி இருக்கிறார், அப்பா இல்லை, தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும் என்றால், எந்த வேலையை யார் செய்வது என்று வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். "படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்ற பொத்தாம்பொதுவான பேச்சு ஒரு வாரம் தாங்காது. "காலை 4 முதல் 6 வரை படிப்பிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டாம், 6-க்குப் பிறகு தண்ணீர் பிடிப்பது என் வேலை" என்பது தாங்கும்.

எத்தனை முறை எழுதிப் பார்க்கலாம்?

சட்டத்தில் வரம்பு இல்லை, வீட்டுக்கு வரம்பு உண்டு. எங்கள் கருத்து: ஒரு முழு ஆண்டு ஒழுங்காகத் தயாரான பிறகும் தரவரிசை இலக்குக்குப் பக்கத்தில் வராவிட்டால், இரண்டாவது ஆண்டை ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே முயலுங்கள். மூன்றாவது முறையும் வீட்டிலேயே இருந்து எழுதுவதை, தவறு நோட்டில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தாலொழிய, பரிந்துரைக்க மாட்டோம்.

என்னென்ன சான்றிதழ்கள் எடுத்து வைக்க வேண்டும்?

மதிப்பெண்ணால் கிடைத்த இடம் காகிதத்தால் போவதுதான் மிகவும் வலிக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். கோப்பு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகும். நடுவில் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீட் முடிவு வந்த பிறகு விண்ணப்பித்தால் ஊரே அந்த வாரம்தான் விண்ணப்பித்திருக்கும்.

பெயரில் முன்னெழுத்து, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. அதனால் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி மற்றதை மாற்றுங்கள்.

பி.சி., எம்.பி.சி. குடும்பங்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. நம் மாநிலச் சாதிச் சான்று மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டும்தான் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.யாக நிற்க, மத்திய அரசுப் படிவத்தில் வசதி படைத்தோர் அல்லாதவர் என்ற ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா பி.சி. சாதிகளும் அதில் இல்லை. வருமான வரம்பு எட்டு லட்சம், அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. நீட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று டிக் செய்துவிட்டு இந்தச் சான்று இல்லாமல் கல்லூரி வாசலுக்குப் போனால் இடம் ரத்தாகும்.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே அதை வைத்துப் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது.

கலந்தாய்வில் எங்கே தவறு நடக்கிறது?

விருப்பப் பட்டியலில். "நமக்கு எங்கே கிடைக்கும்" என்று யோசித்து அடுக்குகிறார்கள். "எது வேண்டும்" என்ற வரிசையில்தான் அடுக்க வேண்டும். மேலே வைத்த கல்லூரி கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு குறையாது. ஆனால் கட்டணம் கட்டவே முடியாத கல்லூரியைச் சும்மா கடைசியில் சேர்த்து வைக்காதீர்கள், அது ஒதுக்கப்பட்டுவிட்டால் சிக்கல்.

அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்றில் கிடைத்ததில் சேராமல் விட்டாலும் வைப்புத் தொகை திரும்ப வரும். இரண்டாம் சுற்றில் விட்டால் போய்விடும். அரசு இடங்களுக்கு அந்தத் தொகை பொதுப் பிரிவுக்கு 10,000, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு லட்சம். தெரியாமல் அதைச் சொடுக்கிவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டாம்.

பணம் எவ்வளவு ஆகும், எங்கிருந்து வரும்?

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் லட்சங்களில். நிர்வாக ஒதுக்கீடு அதைப்போலப் பல மடங்கு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். படிப்பு நாலரை ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் காலம்.

சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நாலரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் நாலரை ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல், விடுதி தனி. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஜாமீன் இல்லை. 4 முதல் 7.5 லட்சம் வரை பிறர் உத்தரவாதம் கேட்கலாம். அதற்கு மேல் சொத்து ஈடு வேண்டும். அதாவது வீடோ நிலமோ இல்லாத குடும்பத்துக்கு சுயநிதி இடத்தில் பாதியில் பணம் நின்றுபோகும் அபாயம் உள்ளது. சேர்வதற்கு முன்பே வங்கியிடம் முழுத் தொகைக்கும் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். "முதல் வருஷம் கட்டிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் தவிக்கிறார்கள். கடனைத் திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தொடங்கும்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும், பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். புத்தகச் செலவுக்கு அது ஆகும். முதலாண்டுப் புத்தகங்களை சீனியர்களிடம் பழசாகவே வாங்குங்கள்.

ஒருவர் 'மேனேஜ்மெண்ட் சீட்' வாங்கித் தருகிறேன் என்கிறார்...

முன்பணம் கொடுக்காதீர்கள். நிர்வாக இடமும் நிகர்நிலை இடமும்கூட நீட் தரவரிசைப்படி கலந்தாய்வு வழியாக மட்டும்தான் நிரப்பப்படுகின்றன.

வெளிநாட்டில் படித்தால் செலவு குறைவாமே?

கட்டணம் குறைவாக இருக்கலாம், அதற்கும் நீட் தகுதி கட்டாயம். பிறகு படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இந்தியாவில் இன்னும் 12 மாதப் பயிற்சி ஆகியவை வேண்டும். நடுவே, வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதில் எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறாத அமர்வுகள் உண்டு. நீட்டில் தகுதியைத் தொட்டு மட்டும் நின்ற ஒருவர் இந்த வழியில் போனால், தள்ளிப்போட்ட அதே தேர்வுச் சிக்கலை ஆறு ஆண்டு கழித்துக் கடனுடன் சந்திக்கிறார். ஏஜெண்ட் தரும் விளம்பரத் தாளில் பயிற்சி மாதங்களும் கற்பிக்கும் மொழியும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேர்ந்த பிறகு தாக்குப்பிடிக்க முடியுமா? பள்ளியில் சுமார் மாணவன் நான்.

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். கலைச்சொற்கள் மொத்தமாக வந்து விழும், ஆங்கிலம் தடுமாறும். முதல் மூன்று மாதம் பின்தங்குவது சகஜம். முதலாண்டுத் தேர்வுக்கு அதிகபட்சம் நான்கு வாய்ப்புகள்தான், முழுப் படிப்பையும் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அகமதிப்பீட்டுத் தேர்வுகளில் தவறினால் உடனே துறைப் பேராசிரியரைப் பாருங்கள். பேராசிரியரிடம் போகக் கூச்சப்பட்டு விடுதி அறையிலேயே முடங்குகிறவர்களுக்கு வருகைப் பதிவும் சேர்ந்து குறைகிறது, பிறகு தேர்வு எழுதவே அனுமதி கிடைப்பதில்லை.

கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்றால்?

பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனிக் கலந்தாய்வு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில். கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான், ஆனால் கட்-ஆஃப் உயரம். பல் மருத்துவத்துக்கும் சித்தாவுக்கும் நீட் வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் கலந்தாய்வுகளின் விண்ணப்பத் தேதிகள் நீட் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. முடிவு வரட்டும் என்று இருந்தால் இதுவும் கை நழுவும். இரண்டு பக்கமும் விண்ணப்பித்து வையுங்கள். எம்.பி.பி.எஸ். கிடைத்தால் மற்றதை விட்டுவிடலாம், அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.